நீர்த்தேக்கத்தில் ஊட்டச்சத்து மாசை அளப்பது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நீர்த்தேக்கத் தண்ணீரில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மாதிரி கொண்டுவருகிறவர்கள், அறிக்கை வாங்கிப் போகிறவர்கள், அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு திரும்பி வருகிறவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிடுகிறேன்.

1. ஊட்டச்சத்து நல்லதுதானே? அதைப் போய் மாசு என்கிறீர்களே?

பயிருக்கு நல்லது. தேங்கி நிற்கும் தண்ணீரில் அதே சத்து பாசியை வளர்க்கும். பாசியின் உடல் எந்த விகிதத்தில் அமைந்திருக்கிறது என்று கணக்கிட்டால், 1 கிலோ பாஸ்பரஸைக் கொண்டு 100 கிலோவுக்கும் மேல் உலர்ந்த பாசி உருவாக முடியும் என்று தெரியவரும். அந்தப் பாசி செத்து அடியில் படிகிறது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அடித்தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு மீன் மிதக்கிறது, தண்ணீர் நாறுகிறது, குடிநீர் நிலையத்தின் மணல் வடிகட்டிகள் அடைத்துக்கொள்கின்றன. நீலப்பச்சைப் பாசிகளில் சில நச்சையும் உண்டாக்குகின்றன.

சாக்கடை, வயலில் போட்ட உரம், கால்நடைக் கழிவு, மழையில் அரித்து வரும் மண், பாஸ்பேட் கலந்த சலவைத் தூள் ஆகியவைதான் பெரும்பாலும் மூலம். இந்த நிலையை மிகையூட்டம் என்கிறோம். பெயர் விருந்தை நினைவூட்டுகிறது, நடப்பது அஜீரணம்.

2. நைட்ரஜனா, பாஸ்பரஸா? ஒன்றைச் சொல்லுங்கள்.

நன்னீரில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் பாஸ்பரஸ். பாசியின் உடலில் 1 பாஸ்பரஸ் அணுவுக்கு ஏறக்குறைய 16 நைட்ரஜன் அணுக்கள் இருக்கும். எடையில் பார்த்தால் 1க்கு 7 பங்கு. கடல்நீரை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934இல் கவனித்த ஒழுங்கு இது. இரண்டில் எது முதலில் தீர்கிறதோ அதுதான் வளர்ச்சிக்குக் கடிவாளம். நைட்ரஜன் தீர்ந்துபோனால் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு குறுக்குவழி இல்லை.

இதை ஒரு ஏரியே காட்டிக்கொடுத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய ஏரிகளில் 226ஆம் எண் ஏரியை 1973இல் நடுவே திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சையாக மாறியது. மற்றது தெளிவாகவே கிடந்தது. டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் வானிலிருந்து எடுத்த அந்தப் படம் ஆயிரம் பக்க வாதத்தை முடித்துவைத்தது. அதற்காக நைட்ரஜனை அளக்காமல் விடக்கூடாது. குடிநீரில் நைட்ரேட்டுக்குத் தனியே வரம்பு உண்டு. பாஸ்பரஸ் ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும் நீர்த்தேக்கத்தில் நைட்ரஜன்தான் கடிவாளமாக மாறியிருக்கவும் கூடும்.

3. பச்சையாக இருப்பது கண்ணுக்கே தெரிகிறதே, காசு செலவழித்து அளப்பானேன்?

கண்ணுக்குத் தெரிவது விளைவு. பச்சை தெரிந்த நாளில் சத்து வந்து சேர்ந்து வாரங்கள், சில இடங்களில் ஆண்டுகள் ஆகியிருக்கும். எவ்வளவு வருகிறது, எந்த ஓடையிலிருந்து வருகிறது, போன ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்பதை நிறம் சொல்லாது.

ஆனால் கண்ணை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம். இந்தத் துறையின் மிகப் பழைய கருவி கண்ணை நம்பித்தான் இருக்கிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

4. வெறும் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் மாசு தெரியுமாமே, உண்மையா?

பாதி உண்மை. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி 1865இல் கப்பலிலிருந்து தட்டை இறக்கிக் கடலின் தெளிவை அளந்தார். அவர் பெயரால்தான் செக்கி தட்டு. நன்னீரில் பயன்படுவது 20 செ.மீ. விட்டமுள்ள, நான்கு கால்வட்டங்களில் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசிய தட்டு. படகின் நிழல் விழும் பக்கம் இறக்க வேண்டும். தட்டு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இறக்கி, மேலே இழுத்து மறுபடி தெரியும் ஆழத்தையும் குறிக்க வேண்டும். இரண்டின் சராசரிதான் அளவு. நண்பகலை ஒட்டிய நேரம் நல்லது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். சிரிக்காதீர்கள், அதை மாட்டிக்கொண்டே அளந்து மூன்று மாதக் கணக்கைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்றப் பாதி என்னவென்றால், தட்டு தெளிவை மட்டுமே அளக்கிறது. தண்ணீரை மறைப்பது பாசியா செம்மண்ணா என்று அதற்குத் தெரியாது. இயற்கை ஏரியைவிட நீர்த்தேக்கத்தில் இந்தக் குழப்பம் அதிகம். ஆறு நேராக மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் இடம் அது.

5. எவ்வளவு இருந்தால் "அதிகம்"?

பரவலாகப் புழங்கும் வரையறை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1982இல் வெளியிட்டது. மொத்தப் பாஸ்பரஸின் ஆண்டுச் சராசரி லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சத்துக் குறைந்த நீர். 10 முதல் 35 வரை நடுத்தரம். 35 முதல் 100 வரை மிகையூட்டம். 100ஐத் தாண்டினால் கடும் மிகையூட்டம். பாசியின் அளவுக்கு அடையாளமான குளோரோஃபில்லுக்கும் அதே அமைப்பு எல்லை வகுத்திருக்கிறது: 2.5, 8, 25 மைக்ரோகிராம்.

எவ்வளவு சிறிய எண்கள் என்று பாருங்கள். 35 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் ஒரு லட்சத்தில் மூன்றரைப் பங்கு. கீழே 11ஆம் கேள்வியில் குப்பி கழுவுவதைப் பற்றி நான் இவ்வளவு அலட்டிக்கொள்வதற்கு இந்தச் சிறுமைதான் காரணம்.

6. ஒரே தண்ணீருக்கு ஓர் ஆய்வகம் நைட்ரேட் 44 என்கிறது, இன்னொன்று 10 என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் யாருமில்லை. நைட்ரேட் மூலக்கூறில் ஒரு நைட்ரஜனும் மூன்று ஆக்ஸிஜனும் உண்டு. முழு மூலக்கூறின் எடையைச் சொன்னால் 44. அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் சொன்னால் 10. இரண்டும் ஒரே தண்ணீர்தான். நைட்ரஜனாகச் சொன்னதை நைட்ரேட்டாக மாற்ற 4.43ஆல் பெருக்குங்கள். பாஸ்பரஸாகச் சொன்னதைப் பாஸ்பேட்டாக மாற்ற 3.07ஆல் பெருக்குங்கள்.

இதைக் கவனிக்காவிட்டால் நஷ்டம் சிறியதல்ல. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, நைட்ரேட்டாக லிட்டருக்கு 50 மில்லிகிராம். நைட்ரஜனாகச் சொன்னால் சுமார் 11. நைட்ரஜனாக 20 என்று வந்த அறிக்கையை 50உடன் ஒப்பிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் உண்டு. அறிக்கை கையில் வந்ததும் எண்ணுக்குப் பக்கத்தில் "எதுவாக" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் ஆய்வகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, எழுதாமல் விட்டதுதான் வெட்கம்.

7. மொத்தப் பாஸ்பரஸ், கரைந்த பாஸ்பரஸ், ஆர்த்தோபாஸ்பேட்... பாஸ்பரஸ் ஒன்றுதானே?

தனிமம் ஒன்று, இருக்கும் இடம் பல. ஒரு பகுதி பாசி உடனே உறிஞ்சக்கூடிய கரைந்த பாஸ்பேட்டாக இருக்கும்; ஆர்த்தோபாஸ்பேட் என்று அறிக்கையில் வருவது ஏறக்குறைய அதுதான். ஒரு பகுதி கரைந்த கரிமச் சேர்மங்களில் இருக்கும். இன்னொரு பகுதி மண் துகளில் ஒட்டியிருக்கும். மிச்சம் பாசியின் உடலுக்குள்ளேயே இருக்கும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் மொத்தப் பாஸ்பரஸ்.

கரைந்ததற்கும் துகளாக இருப்பதற்கும் நடுவே கோடு போடுவது 0.45 மைக்ரோமீட்டர் துளை கொண்ட வடிகட்டி. இயற்கை இட்ட கோடல்ல அது, மனிதர்கள் ஒத்துக்கொண்ட கோடு. அதைவிட நுண்ணிய களிமண் துகள் வடிகட்டியைத் தாண்டிக் "கரைந்தது" என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

8. குளம் மாதிரிப் பச்சையாக இருக்கிறது, பாஸ்பேட் சோதனையோ பூஜ்ஜியம் காட்டுகிறது. உங்கள் கருவி பழுதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கருவி சரியாக இருக்கிறது. தவறான பொருளைக் கேட்டிருக்கிறீர்கள். பந்தி முடிந்தபின் இலையில் சோறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "யாரும் சாப்பிடவே இல்லை" என்று சொல்வதுபோல இது. சோறு வயிற்றுக்குள் போய்விட்டது. பாசி பெருகிய தண்ணீரில் கரைந்த பாஸ்பேட் கிட்டத்தட்ட தீர்ந்திருக்கும், ஏனென்றால் அது பாசியாக மாறியிருக்கும். அதே குப்பியில் மொத்தப் பாஸ்பரஸ் பார்த்தால் 80, 100 என்று நிற்கும்.

ஆகவே நீர்த்தேக்கத்தின் நிலையை அறிய மொத்தப் பாஸ்பரஸைக் கேளுங்கள். கரைந்த பாஸ்பேட் உதவாது என்பதல்ல. உள்ளே வரும் ஓடையிலும், சாக்கடை சேரும் இடத்திலும், அடித்தண்ணீரிலும் அது நிறையப் பேசும். பாசி மேயும் மேல்தண்ணீரில் மட்டும் அது ஊமை.

9. ஆய்வகத்தில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

பாஸ்பரஸுக்கு நீலச் சாயம்தான் பிழைப்பு. மாதிரியில் அம்மோனியம் மாலிப்டேட், சிறிது ஆன்டிமனி உப்பு, அமிலம், அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் பாஸ்பேட் இருக்கும் அளவுக்கு ஏற்ப நீல நிறம் தோன்றும். 880 நானோமீட்டர் அலைநீள ஒளி அதில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்து, முன்பே தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம். மர்ஃபி, ரைலி இருவரும் 1962இல் வெளியிட்ட முறை. அஸ்கார்பிக் அமிலம் என்றால் வைட்டமின் சிதான். மொத்தப் பாஸ்பரஸ் வேண்டுமென்றால் முதலில் பெர்சல்ஃபேட் சேர்த்து, அழுத்தக் கொப்பரையில் 121 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். பாசி, கரிமச் சேர்மம், துகளில் ஒட்டியது எல்லாம் சிதைந்து பாஸ்பேட்டாக வெளியே வரும். பிறகு அதே நீலம். தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் அதுவும் நீலம் காட்டி ஏமாற்றும்; அப்படிப்பட்ட இடமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நைட்ரேட் நேரடியாக நிறம் காட்டாது. அதை காட்மியம் நிரப்பிய குழாய் வழியே செலுத்தி நைட்ரைட்டாக மாற்றினால் இளஞ்சிவப்புச் சாயம் தரும். காட்மியம் நச்சு என்பதால் இப்போது பலர் வனேடியம் உப்புக்கோ நொதிக்கோ மாறிவிட்டார்கள். அம்மோனியாவுக்கு இன்னொரு நீலம் உண்டு. கரிம நைட்ரஜனையும் அம்மோனியாவையும் சேர்த்துப் பார்க்க, யோஹான் கெல்டால் 1883இல் மதுவாலை ஆய்வகம் ஒன்றில் வகுத்த முறை இன்றும் ஓடுகிறது. அறிக்கையில் "கெல்டால் நைட்ரஜன்" என்று இருந்தால் அதை மொத்த நைட்ரஜன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நைட்ரேட்டும் நைட்ரைட்டும் அதில் சேரவில்லை. கூட்டிக்கொள்ளுங்கள்.

10. கரையில் நின்று ஒரு பாட்டில் மொண்டு வந்தால் போதாதா?

கரைத் தண்ணீரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் போதும். நீலப்பச்சைப் பாசிகள் பலவற்றுக்கு உடலுக்குள் காற்றுப் பைகள் உண்டு. காற்றில்லாத அதிகாலையில் அவை மேலே மிதந்து வரும். மெல்லிய காற்று அடித்தால் எதிர்க்கரையில் போய்ப் பாய் விரித்ததுபோல் ஒதுங்கும். அந்தக் கரையில் மொண்டால் நீர்த்தேக்கமே நாசம் என்று தோன்றும். இந்தக் கரையில் மொண்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

நீளவாக்கிலும் வித்தியாசம் உண்டு. ஆறு நுழையும் முனையில் கலங்கலும் சத்தும் அதிகம். நடுப்பகுதியில் மண் படிந்து வெளிச்சம் உள்ளே போவதால் பாசி உச்சத்தில் இருக்கும். அணையை ஒட்டிய ஆழமான பகுதி ஏரியைப் போல நடந்துகொள்ளும். குறைந்தது இந்த மூன்று இடங்களில் படகில் போய் எடுப்பது நியாயம். ஒரே இடம்தான் முடியும் என்றால் அணைக்கு அருகே, ஆழமான இடம்.

ஆழத்தில்தான் பெரிய கதை இருக்கிறது. வெயில் காலத்தில் மேலே சூடான லேசான நீர், அடியில் குளிர்ந்த கனமான நீர் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும், ஒன்றோடொன்று கலக்காது. அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும், வண்டலில் இரும்போடு பிணைந்து கிடந்த பாஸ்பரஸ் விடுபட்டுத் தண்ணீருக்குள் வரும். அந்தச் சமயத்தில் மேலே 20 மைக்ரோகிராமும் அடியில் 300ம் இருக்கலாம். அதனால் மேலடுக்குக்கு ஒரு மாதிரி, அடியிலிருந்து 1 மீட்டர் மேலே ஒரு மாதிரி. அடித்தண்ணீரை எடுக்க, கயிற்றில் எடைக்கட்டியை நழுவவிட்டால் உள்ளே மூடிக்கொள்ளும் குழாய்க் கருவி இருக்கிறது. அடுக்கு எங்கே பிரிகிறது என்று முதலில் மீட்டருக்கு ஒரு முறை வெப்பநிலையையும் கரைந்த ஆக்ஸிஜனையும் அளந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் எடுத்த அடி மாதிரி இருட்டில் எறிந்த கல்.

11. குப்பியை நன்றாக சோப்புப் போட்டுக் கழுவித்தான் கொண்டுவந்தேன். அப்புறமும் ஏன் திட்டுகிறீர்கள்?

சோப்புப் போட்டதற்காகத்தான். பல சலவைப் பொருட்களில் பாஸ்பேட் இருக்கிறது. குப்பிச் சுவரில் ஒட்டிய மிச்சமே 5ஆம் கேள்வியில் சொன்ன எல்லைகளைத் தாண்டவைத்துவிடும். வேலையில் சேர்ந்த புதிதில் நானே இப்படி ஒரு "கண்டுபிடிப்பு" செய்தேன். மலையடிவாரத்து ஓடையில் யாரும் எதிர்பாராத பாஸ்பரஸ். இரண்டு வாரம் மேல்நிலத்தில் மாசு மூலத்தைத் தேடி அலைந்தோம். மூலம் கழுவு தொட்டிக்கு மேல் அலமாரியில் இருந்தது. பாஸ்பேட் இல்லாத கழுவுபொருள், பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசல் என்பதுதான் முறை. மூடியையும் சேர்த்து.

அடுத்தது நேரம். குப்பிக்குள் போன பாசி சாப்பிடுவதை நிறுத்தாது. கரைந்த பாஸ்பேட் வேண்டுமென்றால் படகிலேயே வடிகட்டிவிட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் இருட்டில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். மொத்தப் பாஸ்பரஸுக்குக் கந்தக அமிலம் விட்டு அமிலத்தன்மையைப் பி.எச் 2க்குக் கீழே கொண்டுவந்தால் 28 நாள் வரை தாங்கும். காரின் பின்னிருக்கையில் வெயிலில் கிடந்த குப்பியை நான் வாங்குவதில்லை.

12. நிறப்பட்டை பார்க்கும் கிட் இருக்கிறது. அது போதுமே?

நைட்ரேட் அதிகமா என்று தோராயமாகப் பார்க்கப் போதும். சாக்கடை கலக்கும் வாயைக் கண்டுபிடிக்கவும் உதவும். நீர்த்தேக்கத்தின் பாஸ்பரஸுக்குப் பயன்படாது. இத்தகைய பட்டைகள் பலவற்றில் முதல் நிறமே லிட்டருக்குப் பத்தில் சில பங்கு மில்லிகிராமில், அதாவது சில நூறு மைக்ரோகிராமில்தான் தொடங்கும். 35 மைக்ரோகிராமில் தண்ணீர் கெடத் தொடங்கிவிடுகிறது. மண் லாரியை நிறுக்கும் மேடையில் மூக்குத்தியை வைத்தால் என்ன காட்டும்? அதோடு இவை அளப்பது கரைந்த பாஸ்பேட்டைத்தான். 8ஆம் கேள்வியின் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

13. மாதம் ஒரு முறை தவறாமல் எடுக்கிறோம். ஆண்டுக்கு எவ்வளவு சத்து உள்ளே வருகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாமா?

நீர்த்தேக்கத்தின் நிலையைச் சொல்ல மாதம் ஒரு முறை ஓரளவு போதும். பாசிக் காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறை நல்லது. உள்ளே வரும் சுமை வேறு கணக்கு. சுமை என்பது செறிவையும் நீர்வரத்தையும் பெருக்கி வருவது. நொடிக்கு 1 கன மீட்டர் ஓடும் ஓடையில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் ஒரு நாளில் 86.4 கிலோ.

இப்போது ஓர் ஓடையைக் கற்பனை செய்யுங்கள். சாதாரண நாளில் வரத்து 1 கன மீட்டர், மொத்தப் பாஸ்பரஸ் 0.05 மில்லிகிராம்: ஒரு நாளைக்கு 4.3 கிலோ. பெருமழை நாளில் வரத்து 40 கன மீட்டர், மண்ணோடு சேர்ந்து செறிவு 0.4: அந்த ஒரே நாளில் 1,382 கிலோ. 320 சாதாரண நாட்களின் சுமை ஒரே நாளில் வந்துவிட்டது. உங்கள் மாதாந்தரத் தேதி அந்த நாளில் விழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. விழுந்திருந்தாலும் மழை என்று படகு எடுத்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஓடை வாயில் நீர்மட்டம் உயரும்போது தானாக மாதிரி எடுக்கும் கருவியோ, மழையில் நனையத் தயாரான ஓர் ஆளோ வேண்டும்.

14. அறிக்கையில் "5க்குக் கீழ்" என்று இருக்கிறது. சராசரி போடும்போது பூஜ்ஜியம் என்று போடலாமா?

வேண்டாம். இல்லை என்று பொருளல்ல; எங்கள் முறையால் அதற்குக் கீழே நம்பிக்கையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று பொருள். சிலர் பாதியை, அதாவது 2.5ஐப் போடுவார்கள். ஒன்றிரண்டு மாதிரிகள் என்றால் பெரிய தவறில்லை. பாதிக்கு மேற்பட்ட மாதிரிகள் அப்படி வந்திருந்தால் சராசரியே போடாதீர்கள். நுட்பமான முறை உள்ள ஆய்வகத்துக்குப் போங்கள்.

15. கரைந்த பாஸ்பரஸ் மொத்தப் பாஸ்பரஸைவிட அதிகம் என்று வந்திருக்கிறது. பகுதி முழுதைவிடப் பெரிதாக முடியுமா?

முடியாது. ஆனால் அளவீட்டில் இரண்டுக்கும் தனித்தனியே பிழை வரம்பு உண்டு. 21ம் 20ம் வந்தால் இரண்டும் ஒன்றே என்று விட்டுவிடலாம். 40ம் 20ம் வந்தால் வடிகட்டி மாசுபட்டிருக்கிறது, அல்லது வேகவைத்தது சரியில்லை, அல்லது யாரோ சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் மூன்றாவதுதான் அதிகம்.

16. சரி, உங்கள் எண்ணை நான் ஏன் நம்ப வேண்டும்?

நம்ப வேண்டாம், சோதியுங்கள். தூய நீரைக் குப்பியில் நிரப்பி, படகில் கூடவே கொண்டுபோய்த் திறந்து மூடி, மற்ற மாதிரிகளோடு ஒன்றாக அனுப்புங்கள். அதில் பாஸ்பரஸ் வந்தால் தவறு உங்கள் குப்பியிலோ எங்கள் மேசையிலோ இருக்கிறது. ஒரே தண்ணீரை இரண்டு குப்பியில் பிடித்து வேறு வேறு எண் ஒட்டி அனுப்புங்கள். அளவு தெரிந்த பாஸ்பேட்டைக் கொஞ்சம் சேர்த்தால் சேர்த்த அளவு திரும்பக் கிடைக்கிறதா என்று ஆய்வகத்திடம் கேளுங்கள். பத்துக்கு ஒரு மாதிரியாவது இப்படிப் போக வேண்டும். இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. செய்யாமலே "எண் தப்பு" என்று வருகிறவர்கள் விஷயம் வேறு.

17. செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறதே, இனி குப்பி எதற்கு?

செயற்கைக்கோள் நிறத்தைப் பார்க்கிறது. பாஸ்பரஸுக்கும் நைட்ரேட்டுக்கும் நிறமில்லை. சென்டினல்-2 போன்றவை குளோரோஃபில்லையும் கலங்கலையும் நன்றாகக் காட்டுகின்றன. 10ஆம் கேள்வியில் சொன்ன ஒதுங்கும் பாசியை அவற்றின் படத்தில் பார்த்தால் கரையில் மொள்ளும் ஆசையே போய்விடும். மேகம் மூடினால் குருடு, மேல்தோலுக்குக் கீழே எதுவும் தெரியாது. எங்கே குப்பி இறக்கலாம் என்று முடிவு செய்ய மிகச் சிறந்த துணை.

தண்ணீரில் அமிழ்த்தி வைக்கும் ஒளிர்வு உணரிகளுக்கும் ஒரு குணம் உண்டு. கொளுத்தும் வெயிலில் பாசி தன் ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். மதியம் பாசி குறைந்ததுபோலவும் இரவில் கூடியதுபோலவும் கோடு ஏறி இறங்கும். பாசி எங்கும் போகவில்லை.

18. பாஸ்பரஸ் அதிகம் என்கிறது, தட்டும் சீக்கிரம் மறைகிறது, ஆனால் குளோரோஃபில் குறைவு. எதை நம்புவது?

மூன்றையும். முரண்படுவதாகத் தோன்றும் இடத்தில்தான் செய்தி இருக்கிறது. ராபர்ட் கார்ல்சன் 1977இல் மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார். அதில் 50 என்பது மொத்தப் பாஸ்பரஸ் 24 மைக்ரோகிராம், தட்டு மறையும் ஆழம் 2 மீட்டர், குளோரோஃபில் 7 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். பாஸ்பரஸ் இரட்டிப்பானாலோ ஆழம் பாதியானாலோ 10 புள்ளி கூடும். தட்டு அரை மீட்டரில் மறைந்தால் 70.

உங்கள் மூன்று எண்களையும் இந்த அளவுகோலில் போட்டுப் பாருங்கள். பாஸ்பரஸும் தட்டும் 65, 70 என்று நிற்க, குளோரோஃபில் 45இல் நின்றால், தண்ணீரை மறைப்பது பாசியல்ல, மண். பாஸ்பரஸில் பெரும்பகுதி அந்த மண்ணில் ஒட்டியிருக்கிறது; வெளிச்சம் இல்லாததால் பாசி காத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தண்ணீரை "பாசி இல்லை, கவலையில்லை" என்று விட்டுவிட வேண்டாம். மண் படிந்து நீர் தெளிகிற மாதத்தில் மறுபடி அளந்து பாருங்கள். மாறாக, பாஸ்பரஸ் மட்டும் உயர்ந்து மற்ற இரண்டும் தாழ்ந்திருந்தால், நைட்ரஜன் பற்றாக்குறையோ, பாசியை மேயும் நுண்ணுயிரிகளோ, நீர் வேகமாக வெளியேறுவதோ காரணமாக இருக்கலாம். மூன்றையும் சராசரி போட்டு ஒரே எண்ணாக்கி அறிக்கையில் எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்ல சாட்சிகள் மூவரை ஒரே நாற்காலியில் உட்காரவைத்து நசுக்குகிற வேலை அது.

19. சாக்கடையைத் திருப்பிவிட்டு நான்கு ஆண்டு ஆகிறது. எண் குறையவே இல்லையே, செலவு வீணா?

வாஷிங்டன் ஏரியைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். சியாட்டில் நகரத்தை ஒட்டிய அந்த ஏரிக்குள் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே பாஸ்பரஸ் சரிந்தது, நீர் தெளிந்தது. அது ஆழமான ஏரி. அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் முற்றிலும் தீர்ந்துபோகவில்லை. ஆழம் குறைந்த, பல ஆண்டு சத்து வண்டலில் சேர்ந்துவிட்ட நீர்த்தேக்கத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெளியே குழாயை மூடினாலும் அடியிலிருந்து பழைய பாக்கி வந்துகொண்டே இருக்கும். எப்படி என்பது 10ஆம் கேள்வியின் கடைசிப் பத்தியில் இருக்கிறது.

வீணா இல்லையா என்று அறிய வரும் ஓடைகளின் சுமையைத் தனியே, அடித்தண்ணீரின் பாஸ்பரஸைத் தனியே பாருங்கள். ஓடைச் சுமை குறைந்து அடித்தண்ணீர் மட்டும் உயர்ந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது, பாக்கி தீரவில்லை. ஓடைச் சுமையே குறையவில்லை என்றால் வேறு எங்கோ ஒரு குழாய் திறந்திருக்கிறது.

20. எதற்கு இவ்வளவு? காய்ச்சிக் குடித்தால் தீர்ந்தது.

தீராது. நைட்ரேட் ஆவியாகாது, தண்ணீர் ஆவியாகி நைட்ரேட் மிஞ்சுவதால் செறிவு கூடும். கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை அது குறைப்பதால் புட்டிப்பால் கலக்கும் நீரில் இது விளையாட்டல்ல. நீலப்பச்சைப் பாசி நச்சான மைக்ரோசிஸ்டினும் கொதிக்கவைத்தால் அழிவதில்லை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீரில் இந்த நச்சு தெரிந்ததும், குடிக்காதீர்கள், காய்ச்சவும் காய்ச்சாதீர்கள் என்று அறிவித்தார்கள். சுமார் 4 லட்சம் பேர் மூன்று நாள் பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள்.

21. எங்களிடம் பணம் ஒரே ஒரு சோதனைக்குத்தான். எதைச் செய்வது?

மொத்தப் பாஸ்பரஸ். அணைக்கு அருகே, மேலடுக்கில், மாதம் ஒரு முறை, ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில். நடுவில் ஆய்வகத்தை மாற்ற நேர்ந்தால் சில மாதிரிகளை இரண்டிடமும் அனுப்பி எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். நீர்மட்டத்தையும் அன்றைக்குக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி காலியான நீர்த்தேக்கத்தின் எண்ணை நிரம்பியதோடு ஒப்பிட அது வேண்டியிருக்கும்.

கூடவே வாரம் ஒரு முறை செக்கி தட்டு. அதற்குச் செலவு தட்டும் கயிறும் மட்டும்தான். கயிறு வாங்கும்போது நனைந்தால் சுருங்காததாக, இழுத்தால் நீளாததாகப் பார்த்து வாங்குங்கள். பருத்திக் கயிற்றில் குறித்த 2 மீட்டர், நாலைந்து முறை நனைந்தபின் 2 மீட்டராக இருக்காது.